ஓரையர் ஊரில் ஐந்து நாள்

சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியதும் காருக்குள் ரப்பர் கருகும் வாடை வந்தது. ஓட்டுநர் தனசேகர் வண்டியை ஓரம்கட்டினார். முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் ஜன்னலருகே வந்து நின்றார்.

"பெல்ட்டு பூட்ச்சி மேடம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மெக்கானிக் வந்துகினே கீறேன்றான். அப்டி சொன்னான்னா இன்னும் வூட்ல கீறான்னு அர்த்தம். நீங்க பஸ்ல பூடுங்க. பொட்டிய நான் சாய்ந்தரம் கொணாந்து தரேன்."

விமானத்தில் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். எங்கள் ஊரான ஈப்போவில் வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்று தெரியும், அதன் மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். இங்கே வானத்தில் மேகமே இல்லை. லாரிகள் தூக்கிவிட்ட புழுதிதான் இருந்தது.

செங்கல்பட்டு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்த மறுகணம், நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் பூக்கூடையை என் மடியில் வைத்தார். கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. எங்கள் ஊரில் இதற்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், அப்போதும் வைத்திருக்க மாட்டார்கள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி என் புடவை நனைந்தது. அன்றைக்கு என்மீது பட்ட ஒரே குளிர்ச்சி அதுதான் என்பதால் பேசாமல் இருந்தேன்.

விடுதி மலைக்கோவில் போகும் தெருவில் இருந்தது. மாலையில் தனசேகர் பெட்டியைக் கொண்டுவந்தபோது நான் மலையுச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழுகு இப்பல்லாம் வர்றதில்ல மேடம். ஆளுங்கதான் வராங்க" என்றார். பிறகு, "சார் வர்லியா?" என்று கேட்டார்.

"அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது."

"ஐயோ" என்றார் தனசேகர். சற்று நின்றுவிட்டு, "நாஸ்தாவுக்கு முக்குக் கடையில வடகறி நல்லா இருக்கும்" என்று சொல்லிப் போனார்.

நான் வந்தது ஓரையர்களைப் பார்க்க. ஓரையர் என்று உலகத்தில் யாரும் இல்லை. ஒரு கணினி விளையாட்டுக்காக நான் உட்கார்ந்து எழுதிய மக்கள் அவர்கள். என் கணவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து எழுதினேன். நெடுமுள் காடு என்று ஒரு காடு. அதில் புலி உண்டு. தொட்டால் தோலை எரிக்கும் இலை உண்டு. பாசி மூடிய குழிகள் உண்டு, கால் வைத்தால் ஆள் போய்விடும். அந்தக் காட்டுக்குள் ஒரு ஊர். அவர்கள் எப்படி வீடு கட்டுவார்கள், எப்படிச் சாப்பிடுவார்கள், யாரைத் தலைவியாக வைப்பார்கள் என்று நாற்பது பக்கம்.

எங்கள் பேராக் மாநிலத்தின் காடுகளில் உண்மையாகவே மக்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது, உரிமையும் இல்லை. அதனால்தான் இல்லாதவர்களை எழுதினேன். அந்த விளையாட்டை யாரும் பெரிதாக விளையாடவில்லை. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் புதிதாகக் கட்டிய ஒரு பூங்கா அந்த நாற்பது பக்கத்தை வாங்கிக்கொண்டது. ஓரையர் ஊரை அப்படியே எழுப்பி, அதில் ஆட்களை வாழவைத்துக் காட்டப் போகிறார்கள். எழுதியவர் நேரில் வந்து பயிற்சி கொடுத்து, ஒப்புதல் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மறுநாள் காலை ஓரையர் ஊருக்குள் முதல்முறையாகக் காலடி வைத்தேன். சவுக்குத் தோப்புக்கு நடுவில் மணலில் பன்னிரண்டு குடிசைகள். மூங்கில் போலச் சாயம் அடித்த ஃபைபர். தட்டினால் தண்ணீர்த் தொட்டிபோலச் சத்தம் வந்தது. ஓரையர் வீடுகளின் வாசல்கள் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். என் வீட்டின் பின்னால் காட்டிலிருந்து எது வந்தாலும் எதிர்வீட்டுக்காரர் கண்ணில் படும், அவர் வீட்டின் பின்னால் வருவது என் கண்ணில் படும். அதற்காக அப்படி எழுதியிருந்தேன். இங்கே எல்லா வாசலும் பார்வையாளர் மேடையைப் பார்த்திருந்தன.

"மக்கள் பார்க்கணுமே மேடம்" என்றார் மேலாளர் பிரவீண். முப்பது வயது இருக்கும். மரியாதையான ஆள். பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு இளநீர் வரவழைத்துவிடுவார்.

ஓரையர்கள் பதினெட்டுப் பேர் நிழலில் காத்திருந்தார்கள். எல்லாரும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். முனுசாமி முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கலா என்ற இளம்பெண் செல்போன் தொழிற்சாலையில் இருந்தவள், ஆட்குறைப்பில் வெளியே வந்தவள். நாற்பது வயதுள்ள எஸ்தர், அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வருடம் நாலு வீட்டில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எஸ்தரின் கழுத்தில் ஒரு சிறு சிலுவை, அதன் பக்கத்தில் பூங்காவின் அடையாள அட்டை.

நான் ஓரையர் வழக்கங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். காட்டுக்குப் போனவர்களில் கடைசியாகத் திரும்பி வந்தவருக்குத்தான் முதல் கவளம். பயமாக இருக்கிறது என்று சொல்வது அவர்களிடம் வெட்கமில்லை. பயமில்லாதவனை விறகு பொறுக்கக்கூடத் தனியாக அனுப்ப மாட்டார்கள். ஊரில் யார் எல்லாருக்கும் முன்பாகப் பயப்படுகிறாரோ அவர்தான் தலைவி. அவருக்குப் பெயர் முன்னஞ்சி.

எஸ்தர் கையைத் தூக்கினார். "பயந்தவதான் தலைவியா?"

"ஆமாம். முதலில் பயப்படுகிறவருக்குத்தான் ஆபத்து முதலில் கேட்கும்."

"அப்ப எங்க தெருவுல எல்லாருமே தலைவிங்கதான்."

பதினேழு பேரும் சிரித்தார்கள். நான் அந்த வழக்கத்தை எழுதியதிலிருந்து யாரும் சிரித்துக் கேட்டதில்லை. சரி, ஆளுக்கு ஒரு பயத்தைச் சொல்லுங்கள் என்றேன்.

முனுசாமி யோசித்துச் சொன்னார்: "லாரிய ரிவர்ஸ் எடுப்பேன் பாருங்க. பின்னால ஒருத்தன் நின்னுகினு வா வா வான்னு சொல்வான். அந்தக் கொரலு எனக்கு பயம். அவன் எத்த பாத்துகினு சொல்றான்னு எனக்கு இன்னா தெரியும்?"

வீட்டிலிருந்து போன் வந்தால் பயம் என்றாள் கலா. எடுப்பதற்குள் மனசு யாரையாவது சாகடித்துவிடுமாம். எஸ்தர் சொல்ல மறுத்துவிட்டார். "எனக்கா? நான் லிஸ்ட்டு போட்டா அஞ்சு மணி பஸ்ஸு பூடும்."

அவரையே முன்னஞ்சியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மதியம் எல்லாரும் எவர்சில்வர் டப்பாக்களைத் திறந்து வட்டமாக உட்கார்ந்தோம். எனக்கு ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது: கத்தரிக்காய்க் காரக்குழம்பு, நெத்திலி வறுவல், முருங்கைக்கீரை, யாரோ ஒருவருடைய தக்காளிச் சோறு. வேண்டாம் என்று சொல்ல இடைவெளியே இல்லை. எங்கள் அலுவலகத்தில் அவரவர் பொட்டலத்தை அவரவர் திரைக்கு முன்னால் பிரித்துச் சாப்பிடுவோம். அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தும் பக்கத்து இருக்கைக்காரர் என்ன சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வயிறு கெட்டது. குழம்பைக் குறை சொல்ல மாட்டேன், முக்குக் கடையில் முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாவின் வேலையாக இருக்கும். காலையிலிருந்து மூன்று முறை போய்வந்து, கண் இருட்டிக்கொண்டு அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். பிரவீண் இளநீரோடு ஒரு ஃபைலையும் வைத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த படங்கள். ஓரையர்கள் உடம்பு முழுக்கக் கன்னங்கரேலென்று மை. கழுத்தில் எலும்பு மாலை. முன்னஞ்சி இல்லை. அந்த இடத்தில் ஈட்டி பிடித்த ஒரு ராஜா. நடுவில் ஒரு விருந்து, அதில் எல்லாரும் பச்சை ஈரலைக் கடித்துத் தின்கிறார்கள்.

"ஈரல் இல்ல மேடம், பீட்ரூட் ஜெல்லி" என்றார் பிரவீண். "நீங்க எழுதினது ரொம்ப ஆழமா இருக்கு. ஆனா மக்களுக்கு ஒரு த்ரில் வேணும். இந்தக் கையெழுத்து சோதனைக் காட்சிக்கு மட்டும்தான். நாளை மறுநாள் நடந்ததும் இறுதி ஒப்புதலை யோசிச்சுக்கலாம்."

இது நான் எழுதியது இல்லை என்று சொன்னேன். இரண்டாவது தடவையும் சொன்னேன். அவர் இரண்டு தடவையும் தலையாட்டினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் படுக்க வேண்டும்போல இருந்தது. என் கணவரின் ஆஸ்பத்திரிக் காகிதங்களிலும் நான் இப்படித்தான் கையெழுத்துப் போட்டேன், எதைப் படிக்கிறோம் என்று தெரியாமலே, சீக்கிரம் எழுந்து போவதற்காக. போட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் மை பூசிப் பார்த்தார்கள். ஒப்பனைக்கு வந்தவர் பெரிய டப்பாவையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு எஸ்தரின் முன்னால் நின்றார். எஸ்தர் டப்பாவை எட்டிப் பார்த்தார். தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இது? நாங்க ஏற்கெனவே கருப்புதான?"

ஒப்பனைக்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. எஸ்தர் முகத்தைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பூசி முடிக்கும்வரை திறக்கவில்லை.

ஒத்திகை முடிந்து கைகழுவும் குழாயடியில் அவரைப் பார்த்தேன். காதோரத்து மை போகவில்லை. சோப்பைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"நாளனிக்கு மொத காட்சிக்கு ஸ்கூல் பசங்களதான் கூட்டியாறாங்களாம். எம் பொண்ணு ஸ்கூலு. ஜெனிபரு. எட்டாவது படிக்கறா."

"அவளுக்குத் தெரியுமா?"

"பார்க்ல வேலைன்னு தெரியும். இன்னா வேலைன்னு சொல்லல." தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். "அவளோட ஸ்கூல்ல எல்லா மாதிரி வூட்டுப் பசங்களும் கீறாங்க மேடம். ஏற்கெனவே அவ நெறத்தச் சொல்லி, தெருவச் சொல்லிப் பேசறாங்க. நான் மூஞ்சில மைய அப்பிகினு, பச்ச ஈரலத் தின்னா, நாளைக்கி அவ எந்த பெஞ்சுல போய் உக்காருவா?"

சோப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான இவங்கள எழுதினவங்க. நீங்க வேணாம்னு சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"நான் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எஸ்தர்."

அவர் குழாயை மூடினார். என்னைத் திட்டியிருக்கலாம். "போட்டுட்டீங்களா. சரி" என்றார். சாப்பாட்டு டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நாலாம் நாள் முதல் வேலையாகப் பிரவீணிடம் போனேன். கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. செலவு செய்தாகிவிட்டது, படங்கள் அச்சுக்குப் போய்விட்டன, மேலும் இது சோதனைதானே என்றார். இளநீர் வந்தது. குடிக்காமல் எழுந்து வெளியே வந்து, சாலையில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். அது மாமல்லபுரம் போனது.

அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சிற்பக் கடைகளில் கல் அறுக்கும் இயந்திரங்கள் அலறின, மாவுபோலக் கல்தூசி எல்லார் தலையிலும் படிந்திருந்தது. ஒரு கடைமுன் வயதான வெள்ளைக்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். "இதெல்லாம் கையாலே செதுக்கியதா என்று கேளுங்கள்" என்று அந்த அம்மா கணவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "கேட்காதே. ஆமாம் என்றுதான் சொல்வார். பிறகு நாம் நம்ப வேண்டியிருக்கும்" என்றார் அவர். இருவரும் கைகோத்து நடந்தார்கள். நான் கொஞ்ச தூரம் அவர்கள் பின்னாலேயே போனேன், ஏன் என்று தெரியவில்லை.

கடற்கரையில் மிளகாய் தடவிய சங்கரா மீனைச் சுடச்சுட எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மீனை வாழையிலையில் சுற்றிச் சுட்டு, சம்பல் என்கிற மிளகாய் விழுதோடு கொடுப்பார்கள். இதில் எண்ணெய் அதிகம், காரமும் அதிகம். வயிறு இருந்த நிலையில் தின்றிருக்கக் கூடாது. தின்றேன். அலை வந்து செருப்பை நனைத்துப் போனது. ஐம்பத்து நாலு வயதில், யாருக்கும் நல்லது செய்யாத ஒரு கையெழுத்தைப் போடுவதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

பூங்காவுக்கு வண்டி ஓட்டும் தனசேகருக்குப் போன் செய்தேன். பெல்ட் மாற்றிய காரோடு வந்து அழைத்துக்கொண்டார்.

"அங்க ஒரே பேஜாரு மேடம்" என்றார் வழியில். "நாளைக்கு மை பூசிக்க மாட்டோம்னு பேசிகினு கீறாங்க. பிரவீண் சார் காதுக்குப் போனா அவ்ளோதான். வேற ஆளுங்கள வண்டியில ஏத்திகினு வந்துடுவாரு."

"எஸ்தர் என்ன சொல்கிறார்?"

"அது ஒண்ணும் பேசல. எல்லாரும் அது மூஞ்சியதான் பாத்துகினு கீறாங்க."

பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, குலுங்கும் காரில் முதல்முறையாக முழுக்கப் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி. எழுதியவர் வெளிநாட்டில் இருப்பதால், இறுதி ஒப்புதலையும் இனி வரும் மாற்றங்களுக்கான ஒப்புதலையும் அவர் சார்பில் தர உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவரை அவரே நியமிக்கலாம். பெயருக்கான இடம் காலியாக இருந்தது. முதல் நாள் அந்த ஒப்பந்தப் பிரதியை என்னிடம் கொடுத்தபோது, "அதுல என் பேரைப் போட்டுக்கலாம் மேடம், ஒரு வழக்கத்துக்குத்தான்" என்று பிரவீண் சொல்லியிருந்தார். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

தனசேகரை வேகமாகப் போகச் சொன்னேன். வேகமாகப் போனால் பெல்ட் மறுபடியும் போகும் என்றார்.

எஸ்தர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். காரை நிறுத்தி, அந்தப் பக்கத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பெயரைப் போட்டால், இனி ஓரையர்களில் எதை மாற்றுவதானாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

"போட்டா என் வேலைக்கு ஏதாவது வருமா?"

வராது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "வரலாம்" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ஏரோப்ளேன் ஏறிடுவீங்க."

"ஆமாம்."

பஸ் வந்தது. "காலைல சொல்றேன்" என்று ஏறிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் நான் பூங்காவுக்குப் போனபோது எஸ்தர் எனக்கு முன்பே வந்து அலுவலக வாசலில் நின்றிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"ஜெனிபர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். "இந்த மாதிரி, காட்டு ஜனமா வேஷம் கட்டறேன், நாளைக்கி நீங்க வரப் போறீங்கன்னு. அவ புக்க மூடி வெச்சா. அப்பறம் கேட்டா, அம்மா உன் மூஞ்சில இன்னா இருக்கும்னு. ஒண்ணியும் இருக்காதுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன்ல, இனிமே போட்டுத்தான ஆவணும். குடுங்க."

காலியிடத்தில் அவர் பெயரை நான் எழுதினேன். அவர் பக்கத்தில் கையெழுத்திட்டார். பிரவீண் அதைப் படித்தபோது அவர் முகத்திலிருந்து முதல்முறையாக மரியாதை நழுவியது. "மேடம், இவங்க நம்ம ஸ்டாஃப். இவங்க எப்படி ஒப்புதல் கொடுக்க முடியும்?" என்றார். கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், சவுக்கு மரத்தடியில் முன்னும் பின்னுமாக நடந்தார். எஸ்தர் எழுந்து நிற்கவா, உட்காரவா என்று தெரியாமல் நாற்காலியின் நுனியில் இருந்தார்.

பிரவீண் திரும்பி வந்தார். "ஸ்கூல் வண்டி கிளம்பிடுச்சாம். இன்னைக்கு உங்க ஸ்கிரிப்ட்படியே போகட்டும். மத்தத வக்கீலோட பேசிக்கறோம்" என்றார். எஸ்தரைப் பார்க்கவில்லை. மை டப்பா திறக்கப்படவில்லை.

காட்சி பிரமாதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றது. பதினெட்டுப் பேரும் பழுப்புப் பருத்தித் துணியில், தங்கள் முகங்களோடு, வீட்டு வாசல்களில் உட்கார்ந்து கூடை முடைந்தார்கள், கிழங்கு சுட்டார்கள், காட்டிலிருந்து கடைசியாக வந்த கலாவுக்கு முதல் கவளத்தைக் கொடுத்தார்கள். எஸ்தர் காட்டின் பக்கம் காதைத் திருப்பி, "எனக்கு பயமா இருக்கு" என்றதும் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பார்வையாளர் மேடையில் பாதிப் பிள்ளைகள் கவனித்தார்கள், பாதிப் பிள்ளைகள் நெளிந்தார்கள்.

"புலி எப்ப வரும்?" என்று ஒரு சிறுமி கத்தினாள்.

முனுசாமி தன் வசனத்தில் இல்லாததைச் சொன்னார்: "வரக் கூடாதுன்னுதான் இவ்ளோ பாடு படறோம், நீ வேற."

மேடை முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு நெளிந்தவர்களும் கவனித்தார்கள்.

முடிந்ததும் ஆசிரியை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். எஸ்தர் தன் குடிசை வாசலிலேயே நின்றார், வரிசையைப் பார்க்காத மாதிரி. ஒல்லியான ஒரு பெண், இரட்டைச் சடை, வரிசையைவிட்டு நேராக அவரிடம் நடந்து வந்தாள். கூட்டாளிகள் இரண்டு பேர் அவள் பின்னாலேயே வந்தார்கள்.

"அம்மா, உன் டிபன் பாக்ஸக் குடு. என்னுத வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

எஸ்தர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். "எலுமிச்ச சாதம். இவங்களுக்கும் குடுத்துச் சாப்புடு" என்றார். ஜெனிபர் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனாள். கூட்டாளிகளில் ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்து, "உங்க அம்மாவா?" என்பது எனக்குக் கேட்டது. "ஆமா" என்பதும் கேட்டது.

இறுதி ஒப்புதல் படிவத்தை, நான் எழுதிய பக்கங்களோடு சேர்த்து, பிரவீண் கொண்டுவந்தார். கையெழுத்து இப்போது எஸ்தருடையது. பேனாவைக் கையில் எடுத்த எஸ்தர் கீழே வைத்தார்.

"முழுசா படிச்சிட்டுப் போடறேன் சார்."

"நாற்பது பக்கம் இருக்கு."

"படிக்காம போட்டாதான பேஜாரு?" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குச் சுரீரென்றது. பிரவீண் மணியைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று போனார்.

எஸ்தரின் சாப்பாடு மகளோடு போய்விட்டது. விடுதியில் எனக்குக் கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றைப் பாதியாகப் பிரித்தேன். அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, மறு கையின் விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தார். சில இடங்களில் சிரித்தார். வீட்டு வாசல் பற்றிய பக்கத்தில், "இத்த மட்டும் சரியா கட்டச் சொல்லணும்" என்று ஓரத்தில் குறித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்.

"கணவனை இழந்தவள் ஊர் ஓரத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே தனியாக இருந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்."

அதை எழுதியது எனக்கு நினைவிருந்தது. என் கணவர் இறந்து ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, சமையலறை மேசையில். வேறு யாரும் வீட்டில் இல்லை.

"இது வேணாம் மேடம்" என்றார் எஸ்தர்.

"அது ஒரு காவல் மாதிரி" என்று ஆரம்பித்தேன். "அவளுக்கு இனி இழக்க ஒன்றுமில்லை, அதனால்..."

"எங்கப்பா செத்தப்ப எங்கம்மாவ தெருவுல ஒருத்தரும் ஒண்டியா வுடல. ஒரு மாசம் எங்க வூட்ல அடுப்பு பத்தவெக்க வுடல. இந்த வூட்டு சோறு, அந்த வூட்டு கொழம்பு. ரெண்டு பொம்பளைங்க வந்து கூடவே படுத்துப்பாங்க. எங்கம்மா போதும் போங்கடின்னு கத்தற வரைக்கும்." கையை நக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள யாரு பாத்துகினாங்க?"

"பத்தாம் நாள் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்."

"வூட்ல?"

அழுகை வந்தது. இரண்டு வருடத்தில் யார் முன்னாலும் அழாதவள், எலும்பு மாலைகளும் ஈட்டிகளும் மூலையில் சாய்த்துவைத்த அந்த அறையில், தயிர்க் கையோடு அழுதேன். எஸ்தர் ஆறுதல் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீதிச் சோற்றைத் தின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களே மாற்றி எழுதுங்கள்" என்றேன்.

அவர் அந்த இரண்டு வரிகளையும் அடித்தார். எழுத்து ஒவ்வொன்றாக யோசித்து, கீழே எழுதினார்: "புருஷன் செத்தவங்க வீடு ஊருக்கு நடுவுல இருக்கும். எல்லாரும் அங்க வந்துதான் சாப்பிடுவாங்க."

பிறகு கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். தேவையில்லை, உங்களுடையது போதும் என்றேன். பரவால்ல போடுங்க என்றார். அவர் பெயருக்குக் கீழே போட்டேன்.